கட்டர் கத்தி: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்? தொழில் செய்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

டிரில் மெஷினைப் பெட்டியில் வைத்து எடுத்துப் போகிறோம். லேசர் லெவலைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கித் திரிகிறோம். கட்டரை மட்டும் வெட்டிய இடத்திலேயே போட்டுவிட்டு, அரை மணி நேரம் கழித்து "என் கட்டரை எவன் எடுத்தான்?" என்று சத்தம் போடுகிறோம். ஒரு நாளில் எந்தக் கருவியை அதிகத் தடவை கையில் எடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலான வேலைகளில் கட்டர்தான் முதலில் வரும். அதிகக் காயம் தருவதும் அதுதான் என்பது என் கை விரல்களைப் பார்த்தாலே தெரியும்.

நான் ஜிப்சம் போர்டு (இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை), வினைல் தரை, கார்பெட் என்று உள்வேலை செய்கிறவன். யூட்டிலிட்டி கத்தி, பேப்பர் கட்டர், பிளேடு கத்தி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் கட்டர் என்றே சொல்கிறேன். இதை வாங்குவது முதல் தேய்ந்த பிளேடைத் தூக்கிப் போடுவது வரை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த அரை மில்லிமீட்டரைப் புரிந்துகொள்ளுங்கள்

கட்டரின் நல்லது கெட்டது எல்லாம் பிளேடின் தடிமனில் இருக்கிறது. இரண்டு முனையும் சாய்ந்த சரிவக பிளேடு 60 மி.மீ. சொச்சம் நீளம், சுமார் 19 மி.மீ. அகலம், ஆனால் தடிமன் 0.6 மி.மீ. தான். ஒடித்துப் போடும் வகையில் 9 மி.மீ. அகல பிளேடு 0.4 மி.மீ.க்கும் கொஞ்சம் குறைவு, 18 மி.மீ. பிளேடு 0.5, 25 மி.மீ. பிளேடு 0.7.

இவ்வளவு மெல்லியதாக இருப்பதால், உளியைப் போல ஆப்பு வைத்துப் பிளக்காமல் பொருளுக்குள் வழுக்கிக்கொண்டு போகிறது. நன்றாகப் பதம் ஏற்றிய எஃகு என்பதால் கூர் நிற்கிறது. மழுங்கினால் சாணைக்கல்லைத் தேடி உட்கார வேண்டாம். கழற்றிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டினால் வேலை ஓடும். சாணை பிடிக்க வேண்டிய எந்தக் கத்தியும் முப்பது நொடியில் புதுக் கத்தியாக மாறுவதில்லை.

குறைகளும் இதே இடத்திலிருந்துதான் வருகின்றன. கடினமான மெல்லிய எஃகு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. கொஞ்சம் வளைந்து பார்த்துவிட்டுப் பட்டென்று முறியும். கொஞ்சம் ஆழமாகப் போனதுமே போன பாதையில் நிற்காமல் வளைந்து ஓடும். அப்புறம், மாற்றுவது சுலபம் என்பதாலேயே "இன்னும் ஒரு வெட்டு, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று நாம் தள்ளிப்போடுகிறோம். இந்தக் கடைசிக் குறை கத்தியுடையது இல்லை, ஆனால் கையைக் கிழிப்பது பெரும்பாலும் அதுதான்.

படி 1: உங்கள் வேலைக்கு எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

ஒரே கட்டரை எல்லா வேலைக்கும் வைத்துக்கொண்டு திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் சில வருடம் அப்படித்தான் இருந்தேன்.

சரிவக பிளேடு போடும், தள்ளி உள்ளே இழுக்கும் கட்டர்தான் கட்டுமான வேலையின் பொதுக் கருவி. பிளேடு குட்டையாக, மூக்கில், அதாவது பிளேடு வெளியே வரும் வாயில், இறுக்கமாக உட்கார்ந்திருப்பதால் நல்ல அழுத்தம் கொடுக்கலாம். ஜிப்சம் போர்டு, வினைல், கார்பெட், கூரை ஷிங்கிள் (கூரையில் போடும் தார்த் தகடு) எல்லாவற்றுக்கும் சரி. ஒரு பிளேடுக்கு இரண்டு முனை; திருப்பிப் போட்டால் இன்னொரு பிளேடு. குறை என்னவென்றால், வெளியே நீட்டும் நீளம் ஒரு அங்குலத்தைச் சுற்றித்தான். 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளியை (இன்சுலேஷனுக்குப் போடும் கண்ணாடி இழைப் பஞ்சு) இதனால் ஒரே இழுப்பில் வெட்ட முடியாது.

பிளேடு உள்ளே போகாமல் நிரந்தரமாக வெளியே நிற்கும் வகையும் உண்டு. தரை போடுகிறவர்களில் பலர் இதைத்தான் விரும்புவார்கள். அசையும் பாகம் இல்லாததால் பிளேடு ஆடவே ஆடாது. உறை இல்லாமல் இதைப் பையில் போடுகிறவர் ஒரு நாள் வருத்தப்படுவார், அவ்வளவுதான்.

மடக்கும் வகை சட்டைப் பைக்கு வசதி. ஆனால் திறந்தால் முழு பிளேடும் வெளியே வந்துவிடும். ஆழத்தைக் குறைத்து வைக்க முடியாது. அட்டைப் பெட்டியைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கும் சாமானையும் சேர்த்துக் கீறுவது பெரும்பாலும் இதுதான்.

ஒடித்துப் போடும் வகை தனி உலகம். இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானின் ஒசாகாவில் அச்சகத் தொழிலில் இருந்த யோஷியோ ஒகாடா, 1956இல். தாள் வெட்டும் ரேசர் பிளேடின் நுனி மட்டும் மழுங்கிப் போக, மீதி முழுவதும் வீணாவது அவருக்குப் பொறுக்கவில்லை. செருப்புத் தைப்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டால் வெட்டுவதையும், அது மழுங்கினால் மறுபடி உடைத்துப் புது விளிம்பு எடுப்பதையும் பார்த்திருக்கிறார். சாக்லேட் கட்டியில் ஒடிக்க வசதியாகக் கோடுகள் இருப்பதும் நினைவுக்கு வர, இரண்டையும் சேர்த்து பிளேடிலேயே கோடு போட்டுவிட்டார். ஓல்ஃபா என்ற நிறுவனத்தின் பெயரே 'ஒடிக்கும் பிளேடு' என்று பொருள்படும் ஜப்பானியச் சொற்களிலிருந்து வந்தது. 9, 18 மி.மீ. அகலங்கள் இன்று எங்கும் பொதுவாகிவிட்டன. 18 மி.மீ. பிளேடில் வழக்கமாக 8 துண்டுகள் இருக்கும். கழற்றி மாட்டாமலே எட்டு முனை.

வால்பேப்பர், ஸ்டிக்கர், மெல்லிய பிலிம் வேலைக்கு 9 மி.மீ.; இன்சுலேஷன், தெர்மாகோல், ஃபோம், அட்டைக்கு 18 அல்லது 25. இதன் பலவீனம் அந்தக் கோடுகளேதான். ஒடிவதற்காகவே கோடு போட்ட பிளேடு, நீங்கள் ஒடிக்க நினைக்காத நேரத்திலும் ஒடியும். மூன்று நான்கு துண்டு வெளியே நீட்டிக்கொண்டு ஜிப்சம் போர்டை அழுத்திக் கீறினால் துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

தானே உள்ளே போகும் வகை, அதாவது கட்டைவிரலை எடுத்ததும் ஸ்பிரிங் பிளேடை இழுத்துக்கொள்ளும் கட்டர், கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி பிரிப்பவர்களுக்கு நல்லது. நீளமான வெட்டு வேலைக்குக் கட்டைவிரல் ஓய்ந்துவிடும்.

என் யோசனை: சரிவக பிளேடு போடும் கட்டர் ஒன்று, 18 மி.மீ. ஒடிக்கும் கட்டர் ஒன்று. மூன்றாவதை வேலை கேட்டால் வாங்குங்கள்.

படி 2: வாங்கும்போது மூக்கைப் பாருங்கள், நிறத்தைப் பார்க்காதீர்கள்

கையில் எடுத்து பிளேடைப் பாதி நீட்டுங்கள். பிளேடின் முதுகுப் பக்கத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். மூக்கில் ஆட்டம் இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். அந்த ஆட்டம் வெட்டுக்கோட்டில் இரண்டு மடங்காகத் தெரியும். வேகமாக பிளேடு மாற்றும் பொத்தான் வைத்த மாடல்கள் புதிதில் நன்றாக இருந்து, தூசி ஏற ஏற இந்த ஆட்டத்துக்கு வந்துவிடுவதுண்டு. ஒரே திருகாணியில் இரண்டு பாதியாகப் பிரியும் பழைய மாடலில் ஆட்டம் குறைவு. ஆனால் பிளேடு மாற்ற ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், ஏணி மேல் நின்று பிரித்தால் உள்ளே இருப்பதெல்லாம் கீழே கொட்டும். மாற்றுவது கஷ்டமானால் மாற்ற மாட்டோம். அதனால் கொஞ்சம் கனமான, உலோக உடம்புள்ள, பொத்தான் வகையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

ஒடிக்கும் வகையில் பூட்டைப் பாருங்கள். திருகும் சக்கரப் பூட்டு எந்த நீளத்திலும் இறுகும், அழுத்தி வெட்டினால் பின்வாங்காது. தானே பூட்டிக்கொள்ளும் வகை வேகமானது. பல்லில் தூசி அடைந்தால் வழுக்கும். அழுத்த வேலைக்குச் சக்கரம், அடிக்கடி நீட்டி மடக்கும் வேலைக்குத் தானியங்கி.

உலோகக் கைப்பிடி உறுதி. ஆனால் மின்சாரம் கடத்தும். இதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம், சொல்ல வேண்டியிருக்கிறது.

படி 3: பிளேடைத் தேர்ந்தெடுங்கள்

சாதாரண கார்பன் எஃகு பிளேடுதான் தொடக்கத்தில் மிகக் கூர்மையாக இருக்கும். துரு பிடிக்கும், பக்கவாட்டில் வளைத்தால் முறியும், சீக்கிரம் மழுங்கும். இருந்தாலும் ஒன்றுக்கு இரண்டாக மாற்றிக்கொண்டே போகலாம் என்பதால் போர்டு வேலைக்கு நான் இதைத்தான் பெட்டி பெட்டியாக வாங்குகிறேன்.

இரு உலோக பிளேடில் வெட்டும் விளிம்பு மட்டும் டிரில் பிட் செய்யும் வகை எஃகு. முதுகு வளையக்கூடிய ஸ்பிரிங் எஃகு. விளிம்பு நெடுநேரம் நிற்கும், முதுகு வளைந்து கொடுப்பதால் முறிவது குறைவு. கார்பெட், கூரை வேலைக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுந்தது. கார்பைடு பூசிய விளிம்பு இன்னும் நீண்ட நாள் வரும். ஆனால் முதல் வெட்டின் அந்த வெண்ணெய் வழுக்கல் இதில் கொஞ்சம் குறைவு என்பது என் கை அனுபவம். செராமிக் பிளேடு துருப்பிடிக்காது, பெட்டி பிரிக்கச் சரி. கட்டுமான இடத்தில் ஒரு ஆணியில் பட்டால் பொட்டென்று சில்லு தெறிக்கும்.

வடிவமும் முக்கியம். கொக்கி பிளேடு ஒன்றிரண்டு எப்போதும் வைத்திருங்கள். கார்பெட், வினைல், ஷிங்கிள், பெட்டியைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டி ஆகியவற்றை அடியில் கொக்கி போட்டு இழுத்தால் கீழே இருக்கும் தரையோ சாமானோ கீறாது. முனை உருண்ட பிளேடு குத்தாது.

புது பிளேடில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். வெள்ளை சீலிங் ஷீட்டிலோ வால்பேப்பரிலோ நேராக வைத்தால் முதல் ஒரு அடிக்குச் சாம்பல் கோடு விழும். துணியில் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடைக்க வேண்டும், விளிம்பு ஓரமாக இழுக்கக் கூடாது.

படி 4: நிற்கும் இடம், பிடி, இழுப்பு

முதலில் நீளத்தைக் குறையுங்கள். வெட்டும் பொருளின் தடிமனுக்கு மேல் சில மி.மீ. நீட்டினால் போதும். ஒடிக்கும் வகையில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு துண்டு. முழு நீளத்தை நீட்டுவது பஞ்சு போன்ற இன்சுலேஷனுக்கு மட்டும்.

அடுத்து, கத்தி வழுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அந்தப் பாதையில் உங்கள் இடது கை, முட்டி, தொடை, பக்கத்தில் குனிந்திருக்கும் ஆள் எதுவும் இருக்கக் கூடாது. தரையில் மண்டியிட்டு தன்னை நோக்கி இழுப்பது எல்லோருக்கும் பழக்கம். இழுக்கலாம், உடம்புக்கு நேராக இழுக்கக் கூடாது, பக்கவாட்டில் விலகிப் போகும்படி இழுக்க வேண்டும். தொடையின் உட்புறம் ஓடும் பெரிய ரத்தக் குழாய் விளையாட்டு இல்லை.

ஸ்கேல் பிடிக்கும் கை. வெட்டுப்படுவது அநேகமாக இந்தக் கைதான், கத்தி பிடித்த கை அல்ல. விரல்களைச் சிலந்தி போல விரித்து, உள்ளங்கையால் அழுத்தி, கட்டைவிரலை ஸ்கேலின் ஓரத்துக்கு வெளியே எட்டிப் பார்க்க விடாமல் வையுங்கள். என் இடது கட்டைவிரல் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. மாலை ஆறு மணி, கடைசி வினைல் துண்டு, காலையிலிருந்து மாற்றாத பிளேடு. வெட்டு ஏறவில்லை என்று அழுத்தினேன். கத்தி ஸ்கேல் மேலேறி நேராக விரலில் வந்து நின்றது. மெல்லிய அலுமினிய ஸ்கேலை அன்றோடு விட்டுவிட்டேன். கத்தி ஏற முடியாத, தடித்த ஓரம் உள்ள மட்டப்பலகையைத்தான் இப்போது வைக்கிறேன்.

இழுப்பில் ஒரு ரகசியமும் இல்லை: முதல் இழுப்பு லேசாக, வழி காட்ட மட்டும். அது போட்ட பள்ளம் அடுத்த இழுப்புக்குத் தண்டவாளம். ஒரே இழுப்பில் ஆழமாகப் போக நினைத்தால் மெல்லிய பிளேடு வளைந்து தன் இஷ்டத்துக்கு ஓடும்.

துல்லியம் தேவைப்படும் இடத்தில் இன்னொன்று கவனியுங்கள். கட்டர் பிளேடின் கூர் இரண்டு பக்கமும் சாய்வாகத் தீட்டப்பட்டது; நுனி நடுவில் இருக்கிறது. ஸ்கேலை ஒட்டி நிமிர்த்திப் பிடித்தால் வெட்டுக்கோடு ஸ்கேலிலிருந்து பாதித் தடிமன், அதாவது 0.3 மி.மீ. தள்ளி விழும். ஜிப்சம் போர்டில் இது ஒரு பொருட்டே இல்லை. தச்சு வேலையில் இணைப்பு போடும்போது கண்ணுக்குத் தெரியும். கைப்பிடியைக் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்து, கூரின் சாய்வு ஸ்கேல் மேல் படியும்படி வைத்தால் கோடு ஸ்கேலோடு ஒட்டி வரும்.

தச்சர்களுக்கு இதில் லாபம் உண்டு. பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட இல்லை. பிளைவுட்டில் ரம்பம் ஓடும் கோட்டை முதலில் கட்டரால் கீறிவிட்டால், மேல் வெனீர் நார் அறுபட்டுவிடும். ரம்பம் சில்லு பெயர்க்காது.

படி 5: பொருளுக்குத் தக்கபடி

ஜிப்சம் போர்டிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் கட்டர் தன் முழுத் திறமையையும் காட்டுவது இங்கேதான். 12.5 மி.மீ. போர்டை வெட்டுகிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் வெட்டுவது முன்பக்கத் தாளை மட்டும். போர்டை நல்ல முகம் நம்மைப் பார்க்கச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். அளந்து, மட்டப்பலகை வைத்து, பிளேடை ஐந்தாறு மி.மீ. நீட்டி மேலிருந்து கீழே ஒரே சீராக இழுங்கள். புது பிளேடில் பட்டுத்துணி கிழிவது போல ஒரு சன்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் கரகரவென்று மாறினால் பிளேடு போய்விட்டது. கோட்டைப் பார்த்தால் தாள் ஓரம் பிசிறு பிசிறாக எழும்பி நிற்கும். தாள் அறுபட்டு, ஜிப்சத்தில் லேசாகக் கீறல் விழுந்தால் போதும். பின்பக்கம் கோட்டுக்கு நேரே முட்டியை வைத்து ஒரு தட்டு. கல் பகுதி ஒரே கோட்டில் பிளக்கும். பின்தாள் கீல் போலத் தொங்கும். மடிப்பின் ஓரமாக பிளேடை ஓட்டி அதை அறுத்துவிடுங்கள். ரம்பமில்லை, தூசியுமில்லை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

சுவிட்ச் பெட்டிக்கு ஓட்டை போடும்போது இதே கத்தி கைவிட்டுவிடும். நாலு பக்கமும் கீறிக் குத்தி நெம்பி எடுக்கப் பார்ப்பார்கள். முனை உள்ளே ஒடிந்து நிற்கும். அதற்குக் குத்து ரம்பம், அதாவது போர்டில் குத்தி இறக்கி அறுக்கும் கூர்முனை ரம்பம், இருக்கிறது. தீத்தடுப்பு போர்டில் கண்ணாடி இழை கலந்திருக்கும், பிளேடு இன்னும் சீக்கிரம் தேயும். சிமென்ட் போர்டில் சாதாரண பிளேடு சில அடிக்கே தாங்காது. கார்பைடு முனை வைத்த கீறும் கருவிதான் வேண்டும்.

வினைல் பலகையும் கீறி ஒடிக்கும் கதைதான். மேல்பக்கம் இரண்டு மூன்று தடவை கீறி, மடக்கி ஒடித்து, அடியில் ஒட்டியிருப்பதை அறுக்கலாம். சுருள் வினைலைச் சுவர் ஓரம் வெட்டும்போது அவசரப்படாதீர்கள். கொஞ்சம் அதிகமாக விட்டு வெட்டி, மூலையில் அழுத்தி உட்கார வைத்து, அப்புறம் கடைசி வெட்டு.

கார்பெட்டில் ஒரு விதி: இழை நுனி வெட்டப்பட்ட வகையைப் பின்பக்கத்திலிருந்து வெட்டுங்கள், இழை வளையமாக இருக்கும் வகையை முன்பக்கத்திலிருந்து வரிசைக்கு நடுவே ஓட்டுங்கள். மாற்றிச் செய்தால் ஓரம் அவிழும். ஷிங்கிளைப் பின்பக்கத்திலிருந்து கீறுங்கள். முன்பக்க மணல் துகள் பிளேடைத் தின்றுவிடும்.

கண்ணாடிக் கம்பளிக்கு நீளமான 18 அல்லது 25 மி.மீ. பிளேடு. மேலே பலகை வைத்து முட்டியால் அழுத்திப் பஞ்சைத் தட்டையாக்கி, ரம்பம் போல முன்னும் பின்னும் அறுத்தால் நேராக வரும். அழுத்தாமல் வெட்டினால் பிய்ந்துகொண்டு வரும். முகமூடி, முழுக்கைச் சட்டை கட்டாயம்.

எலக்ட்ரீஷியன்கள் கேபிள் மேலுறையை உரிக்கக் கட்டரைத்தான் எடுப்பார்கள். உறையைச் சுற்றி லேசாக ஒரு வளையக் கீறல், அவ்வளவுதான்; பிறகு வளைத்தால் கீறலில் உறை தானே வாய் திறக்கும். உள்ளே இருக்கும் செம்பில் பிளேடு பட்டு வெட்டுக் காயம் விழுந்தால், வளைக்கும்போது அந்த இடத்தில்தான் கம்பி முறியும். உள்கம்பிகளின் உறையை உரிக்க ஸ்டிரிப்பர் இருக்க, கட்டர் வேண்டவே வேண்டாம். மின்சாரம் ஓடும் கம்பியில் எந்தக் கட்டரும் கூடாது. பிளாஸ்டிக் கைப்பிடி இருந்தாலும் அது மின்காப்புக் கருவி ஆகிவிடாது.

பழைய சிலிக்கானை எடுக்க, இரண்டு ஓரமும் பிளேடைத் தாழச் சாய்த்து ஒவ்வொரு வெட்டு வெட்டி, நடுவில் இருப்பதை உரித்து இழுங்கள். பிளாஸ்டிக் பட்டியை அறுக்கும்போது அது இழுவையில் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். பக்கத்தில் ஒதுங்கி நின்று கொக்கி பிளேடால் அறுங்கள். இரும்புப் பட்டிக்குக் கத்திரி.

படி 6: கத்தியைக் கொண்டு செய்யக் கூடாதது

நெம்பாதீர்கள். பெயிண்ட் டப்பா மூடி, ஆணித் தலை, பீடிங் (ஓரத்தில் அடிக்கும் மெல்லிய சட்டம்), ஓடு எதையும்.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் ஒரு தடவை புட்டி டப்பா மூடிக்கு அடியில் கட்டரைக் கொடுத்தான். "தம்பி, வேண்டாம்" என்று நான் முடிப்பதற்குள் 'டிங்' என்று சத்தம். முனைத் துண்டு எங்கே போனது என்று மூன்று பேர் தேடினோம். கடைசியில் அவன் கண்ணுக்கு நாலு விரற்கடை தள்ளி, தொப்பியின் விளிம்பில் குத்தி நின்றது. அன்றைக்கு யாரும் அவனைத் திட்டவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால் திட்டத் தோன்றவில்லை.

திருகாணி திருப்பாதீர்கள். சுத்தியலால் முதுகில் அடிக்காதீர்கள், அது உளி இல்லை. விழும் கட்டரைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். விழட்டும், பிளேடு ஒன்றுதானே. பிளேடு நீட்டியபடி ஏணியில் ஏறாதீர்கள், அடுத்தவர் கையில் கொடுக்காதீர்கள்.

கையுறை உதவும், ஸ்கேல் பிடிக்கும் கைக்கு முக்கியமாக. ஐரோப்பிய ஈஎன் 388 தரத்தில் வெட்டுத் தாங்கும் திறனை ஏ முதல் எஃப் வரை எழுத்தால் குறிப்பார்கள். அமெரிக்கத் தரத்தில் ஏ1 முதல் ஏ9 வரை. கூடக் கூடப் பாதுகாப்பு அதிகம். ஆனால் இந்த எழுத்து வெட்டுக்குத்தான். முனை நேராகக் குத்தினால் பின்னல் கண்ணுக்குள் புகுந்துவிடும்.

வெட்டுப்பட்டுவிட்டால் சுத்தமான துணியால் இறுக்கி அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, நுனி மரத்துப் போகிறது, அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் டேப் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடராதீர்கள். தசைநாரோ நரம்போ அறுந்திருக்கலாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டோம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: பிளேடை மாற்றுங்கள், எண்ணிப் பார்க்காதீர்கள்

"எத்தனை போர்டுக்கு ஒரு பிளேடு?" என்று கேட்பார்கள். எண் சொல்ல மாட்டேன், அறிகுறி சொல்கிறேன். போர்டில் தாள் பிசிறுவது. வினைலில் போன தடவை இரண்டு இழுப்பில் முடிந்தது இப்போது மூன்று கேட்பது. வால்பேப்பர் ஈரத்தில் வெட்டுப்படாமல் சுருண்டு இழுபடுவது. இதில் வால்பேப்பருக்குக் கருணையே காட்டாதீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு துண்டு ஒடித்துப் போடுகிறவர்தான் சுத்தமாக ஒட்டுகிறார். பொதுவாகச் சொன்னால், அழுத்தம் கூட்ட வேண்டும் என்று கைக்குத் தோன்றிய அந்த நொடிதான் மாற்ற வேண்டிய நேரம்.

ஒடிக்கும்போது பிளேடை ஒரு துண்டு மட்டும் நீட்டிப் பூட்டுங்கள். கோடு போட்ட பக்கம் மேலே தெரியட்டும். குறடாலோ கட்டரின் வால் மூடியில் இருக்கும் பள்ளத்தாலோ துண்டைப் பிடித்து, கோடு வாய் திறக்கும்படி கீழ்நோக்கி மடக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, முகத்தை விலக்கி. வெறும் விரலால் ஒடிப்பதும் மேஜை விளிம்பில் தட்டி ஒடிப்பதும் வீரம் இல்லை.

சரிவக பிளேடைத் திருப்பிப் போடும்போது தேய்ந்த முனையில் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் சாயங்காலம் எது தேய்ந்தது எது புதிது என்று நகத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும்.

படி 8: பராமரிப்பும், தேய்ந்த பிளேடுகளும்

ஜிப்சம் தூசிதான் கட்டரின் பெரிய எதிரி. வாரம் ஒரு தடவை பிரித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஊதிவிடுங்கள். எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெயும் ஜிப்சம் தூசியும் சேர்ந்தால் பசையாகிவிடும். ஸ்லைடர் முரண்டு பிடித்தால் மெழுகுவர்த்தியை ஒரு தடவை தேய்த்தால் போதும். ஒட்டிய கம்மையும் பிற்றுமினையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மடக்குங்கள். மழையில் நனைந்த கட்டரை அப்படியே பெட்டியில் போட்டால் மறுநாள் உள்ளே இருக்கும் உதிரி பிளேடும் சேர்ந்து துருப்பிடித்திருக்கும்.

தேய்ந்த பிளேடை வெறுமனே குப்பையில் போடாதீர்கள். நமக்குத்தான் அது தேய்ந்தது. குப்பைப் பையைத் தூக்குகிறவரின் காலுக்கு அது இன்னமும் கத்திதான். ஒரு தகர டப்பா எடுத்து, மூடியை டேப்பால் சுற்றி ஒட்டி, மேலே பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கோடு வெட்டிக்கொள்ளுங்கள். என் பெட்டியில் இருப்பது ஒரு பால் பவுடர் டின். நிரம்பியதும் வாயை அடைத்து, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, பழைய இரும்போடு கொடுத்துவிடுவேன். அது குலுங்கும் சத்தத்தில் என் வண்டி வருவது தெரியும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். விமானத்தில் போகிற வேலை வந்தால் மட்டும் டின்னையும் கட்டரையும் கைப்பையில் வைத்துவிடாதீர்கள், சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில், உறைக்குள், அடியில்.